கடவுச்சொற்களை எதில் வைப்பது? நோட்டு, உலாவி, பிட்வார்டன், கீபாஸ்: ஓர் ஒப்பீடு

வங்கி, வருமான வரி, பிஎஃப், ஐஆர்சிடிசி, மின்கட்டணம், காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிச் செயலி, இரண்டு மூன்று மின்னஞ்சல்கள் என்று எண்ணத் தொடங்கினால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கடவுச்சொற்கள் சுலபமாக முப்பது நாற்பதைத் தொட்டுவிடும். இத்தனையையும் மனப்பாடமாக வைத்திருக்க எவராலும் முடியாது. அதனால்தான் பெரும்பாலோர் ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போட்டு வைக்கிறார்கள். ஏதோ ஒரு சிறிய கடையின் தளத்திலிருந்து அது கசிந்தால் போதும், திருடர்கள் அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வரிசையாக மற்ற தளங்களில் போட்டுப் பார்ப்பார்கள். ஆகவே தளத்துக்கு ஒன்றாக வெவ்வேறு கடவுச்சொல் வைத்து, அவற்றை எங்காவது எழுதி வைத்தே ஆகவேண்டும். அந்த இடம் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இந்த விவாதம் வழக்கமாக மறையாக்கத்தின், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பதன், வலிமையைப் பற்றியே சுற்றி வருகிறது. என் பார்வையில் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, போலித் தளம் ஒன்று உங்கள் கண்ணை ஏமாற்றும் நாளில் உங்கள் ஏற்பாடு உங்களைத் தடுத்து நிறுத்துமா என்பது. இரண்டாவது, கைபேசி தொலைந்த நாளிலோ, நீங்களே மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளிலோ அந்தக் கடவுச்சொற்கள் வீட்டாருக்குக் கிடைக்குமா என்பது. நோட்டு, உலாவியே சேமித்து வைப்பது, பிட்வார்டன் என்ற இணையப் பெட்டகச் சேவை, நம் கருவியிலேயே பெட்டகத்தை வைக்கும் கீபாஸ் மென்பொருள் ஆகிய நான்கு வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

நோட்டைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலகின் எந்த மூலையிலிருக்கும் ஊடுருவியாலும் உங்கள் பீரோவுக்குள் இருக்கும் நோட்டைத் திறக்க முடியாது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005இலேயே, வலிமையான கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுப் பெரியவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தார் முதலில் தேடுவதும் நோட்டைத்தான். இரண்டாவது கேள்வியில் நோட்டுக்கு நல்ல மதிப்பெண்.

ஆனால் நோட்டு வைத்திருப்பவர்கள் எழுதும் கடவுச்சொற்களைப் பாருங்கள். பெயரும் ‘123’ம் இருக்கும். வங்கி மாற்றச் சொன்னதும் அது அடிக்கப்பட்டு, அதே பெயருக்குப் பக்கத்தில் ‘124’ வரும், அடுத்து ‘125’ வரும். ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து விரலால் அடிக்க வேண்டியிருப்பதால் நீளமான ஒன்றை யாரும் வைத்துக்கொள்வதில்லை. நோட்டுக்கு நகலும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் கூழாகிப் போயின என்பது நினைவிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் கேள்வியில் நோட்டு முழுத் தோல்வி அடைகிறது. எந்தத் தளத்தில் அடிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இந்த முதல் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். உலாவியோ, பிட்வார்டனோ, உலாவியோடு இணைத்த கீபாஸோ, கடவுச்சொல்லைச் சேமிக்கும்போது தளத்தின் முகவரியையும் சேர்த்தே சேமிக்கின்றன. அடுத்த முறை அதே முகவரிக்கு வந்தால்தான் நிரப்பித் தருகின்றன. வங்கியின் பக்கத்தைப் போலவே, அதே நிறம், அதே சின்னம், முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியது என்று ஒரு போலித் தளம் இருந்தால், நம் கண் ஏமாறும், மென்பொருள் ஏமாறாது. அது பெட்டியை நிரப்பாமல் சும்மா இருக்கும். அந்த மௌனம்தான் எச்சரிக்கை. இவற்றில் எதுவுமே பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல, ஆனாலும் அவர்களே சறுக்கியிருக்கிறார்கள். நம் விவரங்கள் எங்காவது கசிந்திருக்கின்றனவா என்று தேடிப் பார்க்க உதவும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தை 2013இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் ட்ராய் ஹன்ட். 2025 மார்ச்சில், பயணக் களைப்பில் இருந்தபோது, செய்திமடல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் நிறுவனத்திலிருந்து வந்ததுபோல் ஒரு போலி மின்னஞ்சல் வர, கடவுச்சொல்லையும் ஒருமுறைக் குறியீட்டையும் (ஓடிபி) அவரே உள்ளிட்டுவிட்டார். அவருடைய செய்திமடலின் சுமார் 16,000 முகவரிகள் திருடு போயின. அவருடைய மென்பொருள் அன்று தானாக நிரப்பவில்லை. உண்மையான தளங்களிலும் சில நேரம் அப்படி நிரப்பாமல் போவதுண்டு என்பதால் அந்த அறிகுறியை அவர் பொருட்படுத்தவில்லை. இதை அவரே விரிவாக எழுதி வெளியிட்டார்.

இது நமக்கு இப்போது மிக அருகில் வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முகவரிகளை ஹைதராபாதில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் வங்கிகளுக்கு மட்டுமே பதிவு செய்து தருகிறது. மோசடிக்காரர்களால் அந்த முடிவோடு ஒரு பெயரை வாங்க முடியாது என்பதால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் பழைய முகவரியோடு சேமித்த கடவுச்சொல் புதிய முகவரியில் தானாக வராது. ‘இது இப்படித்தான்’ என்று கையால் எடுத்து ஒட்டப் பழகிவிட்டால், நாளை உண்மையான போலித் தளத்திலும் அதையே செய்வோம். ஆகவே ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துவிடுங்கள். முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய், தொடக்கத்து ‘https://’ நீங்கலாக வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், முன்புள்ளியோடு ‘.bank.in’ என்றே முடிகிறதா என்று பாருங்கள். பிட்வார்டனிலும், கீபாஸ் கோப்பைக் கணினியில் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி செயலியிலும் ஒரே பதிவில் பல முகவரிகளைச் சேர்க்க இடம் உண்டு, அதில் புதியதைச் சேர்த்துவிடலாம். குரோமில் புதிதாகச் சேமித்துவிட்டுப் பழையதை அழிக்க வேண்டியிருக்கும்.

உலாவிக்கு வருவோம். எதையும் நிறுவ வேண்டாம், காசு இல்லை, கைபேசியிலும் கணினியிலும் ஒன்றாகவே இருக்கும். போலித் தளச் சோதனையில் முழுமையாகத் தேறுகிறது. நோட்டிலிருந்து உலாவிக்கு மாறும் ஒருவர் பெரும் பாதித் தூரத்தைக் கடந்துவிட்டார் என்றே சொல்வேன். குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. விண்டோஸ் கணினிக்குள் நீங்கள் நுழைந்திருந்தாலே உலாவியின் கடவுச்சொற்களைப் படித்துவிடும் திருட்டு நிரல்கள் ஏராளம். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுப் பதிப்பாக இறக்குபவர்களிடம் அவை அதிகம் ஒட்டிக்கொள்கின்றன. லும்மா என்ற அத்தகைய நிரல் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் மட்டும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. குரோம் 2024 ஜூலையில் கூடுதல் காப்பு ஒன்றைச் சேர்த்தது. சில மாதங்களிலேயே அதையும் தாண்டும் வழியைத் திருடர்கள் கண்டுபிடித்தார்கள். கணினிக்குள்ளேயே திருடன் குடியிருந்தால் எந்தப் பெட்டகமும் முழுக் காவல் தராது என்பது உண்மை. இருந்தாலும் பூட்டிக் கிடக்கும் தனிப் பெட்டகத்தைத் திறக்க இன்னொரு கடவுச்சொல் வேண்டும்.

அடுத்த குறை கைபேசியில். திரைப்பூட்டின் எண் தெரிந்தவருக்கு உள்ளே இருக்கும் எல்லாக் கடவுச்சொல்லும் தெரிந்த மாதிரிதான். நம் வீடுகளில் அந்த எண் குழந்தைகள் வரைக்கும் தெரியும். பொது இடத்தில் எண்ணை எட்டிப் பார்த்துவிட்டு ஐஃபோனைப் பறிக்கும் கும்பல்களைப் பற்றி அமெரிக்காவில் செய்திகள் வந்த பிறகு, 2024 ஜனவரியில் ஆப்பிள் இதற்கெனத் தனிப் பாதுகாப்பு அமைப்பைக் கொண்டுவந்தது. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் அது இயங்குகிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனிப் பெட்டகச் சேவைகளில் நான் பரிந்துரைப்பது பிட்வார்டன். 2016இல் வந்தது, மூல நிரல் எல்லோரும் படிக்கத் திறந்திருக்கிறது, இலவசக் கணக்கிலேயே எத்தனை கடவுச்சொல் வேண்டுமானாலும் எத்தனை கருவிகளில் வேண்டுமானாலும் வைக்கலாம். இதன் போட்டியாளரான லாஸ்ட்பாஸ் 2021 மார்ச்சில், இலவசப் பயனாளர்கள் கணினி அல்லது கைபேசி இரண்டில் ஒரு வகையை மட்டுமே பயன்படுத்தலாம் என்று சுருக்கியது. அப்போது ஏராளமானோர் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே வந்த செய்தி அதைவிட மோசம். லாஸ்ட்பாஸ் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நுழைந்த திருடர்கள், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளையே அள்ளிக்கொண்டு போனார்கள். கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் அப்படியே படிக்கும்படி இருந்தன. பழைய கணக்குகளில் பூட்டும் பலவீனமாக இருந்தது. ‘எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கலாமா’ என்று கேட்பவர்கள் இந்த நிகழ்வைத்தான் காட்டுகிறார்கள், கேள்வி நியாயமானது.

பிட்வார்டன் முகவரிகளையும் சேர்த்தே மறையாக்கம் செய்கிறது. சேவையகமே திருடு போனாலும் கையில் கிடைப்பது பூட்டிய பெட்டகம்தான், அதை உடைப்பது உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லின் நீளத்தைப் பொறுத்தது. அந்தக் கடவுச்சொல்லைச் சாவியாக மாற்றும் கணக்கீட்டை 2023இல் 6,00,000 சுற்றுகளாக உயர்த்தினார்கள். அதற்கு முன்பே கணக்குத் தொடங்கியவர்கள் பாதுகாப்பு அமைப்புகளில் போய் இந்த எண்ணைப் பார்த்து உயர்த்திக்கொள்ள வேண்டும். உலாவியில் சேர்க்கும் துணை நிரல்களான நீட்சிகளை ஒரு பக்கத்தின் மேல் மறைத்து வைத்து ஏமாற்றிச் சொடுக்க வைக்கும் உத்தியை 2025 ஆகஸ்டில் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஓர் ஆய்வாளர் காட்டினார். பிட்வார்டன் உட்படப் பல சேவைகள் அதில் சிக்கின. பிட்வார்டன் திருத்தம் வெளியிட்டது. நீட்சியைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் அந்தத் திருத்தத்தால் பயனில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கைபேசி தொலைந்து, புதிய கருவியில் பிட்வார்டனைத் திறக்கிறீர்கள். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைக்காதவர்களுக்கு 2025 முதல் ஒரு குறியீடு மின்னஞ்சலுக்குப் போகிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ பிட்வார்டனுக்குள் இருக்கிறது. இரண்டு கதவுகளும் ஒன்றின் சாவியை மற்றொன்று விழுங்கியபடி நிற்கும். முதன்மைக் கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடு, இந்த மூன்றையும் தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது கட்டாயம். நோட்டுக்கு நான் இன்னும் இடம் தருவது இதற்காகத்தான். முதன்மைக் கடவுச்சொல் மறந்துபோனால் நிறுவனத்தாராலும் மீட்டுத்தர இயலாது, கைவிரித்துவிடுவார்கள். கட்டணக் கணக்கில் நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். அவர் கேட்டு, நீங்கள் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால், பெட்டகம் அவருக்குத் திறக்கும். வீட்டுப் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது காசுக்கு மதிப்புள்ள வசதி. ஒன்பாஸ்வேர்ட் சேவையும் தரமானதே, இலவசக் கணக்கு இல்லை என்பதால் இங்கே அதை விரிக்கவில்லை.

அந்த முதன்மைக் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு சொல். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பதே நல்ல வழி. பகடை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கும் முறை 1995இலிருந்தே இருக்கிறது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வாழைத்தார்’ என்று வைத்தால், நெடிலுக்கு ‘ஏ’ ஒன்றா இரண்டா, ழகரத்துக்கு ‘இசட் எச்’சா ‘எல்’லா என்று ஆறு மாதம் கழித்துக் கை தடுமாறும். எழுத்துக்கூட்டலை முதல் நாளே தாளில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். குறள் அடியும் பாட்டு வரியும் வேண்டாம், ஊரறிந்த வரிகளைத்தான் முதலில் முயன்று பார்ப்பார்கள்.

கீபாஸின் வழி வேறு. 2003இல் ஜெர்மனியின் டொமினிக் ரைக்ல் தொடங்கியது. சேவையகம் இல்லை, கணக்கு இல்லை, எல்லாமே மறையாக்கம் செய்த ஒரே கோப்பு. அந்தக் கோப்பு உங்கள் கணினியில், உங்கள் பென் டிரைவில் மட்டும் இருக்கும். கணினிக்குக் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டுக்குக் கீபாஸ்டிஎக்ஸ் என்று ஒரே கோப்பைத் திறக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. லாஸ்ட்பாஸுக்கு நேர்ந்தது இதற்கு நேர வாய்ப்பில்லை, ஏனெனில் கோடிக்கணக்கானோரின் பெட்டகங்கள் குவிந்து கிடக்கும் இடமே கிடையாது. விலையாக நீங்கள் தருவது உழைப்பு. கைபேசியிலும் கணினியிலும் தனித்தனியே திருத்தினால் இரண்டு பிரதிகள் உருவாகும், எது புதியது என்று தலையைச் சுற்றும். கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் இணைக்கும் வசதி உண்டு, ஆனால் அதை நினைவாகச் செய்ய வேண்டும். கோப்பை இரு கருவிகளுக்கிடையே ஒத்திசைக்கப் பலர் நம்பியிருந்த சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுபோனது. காப்புப் பிரதி எடுக்காமல் வன்தட்டு செத்தால் எல்லாம் போச்சு. கணினி வேலையே தொழிலாக உள்ளவர்களுக்கும், வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக் கூடாத தணிக்கையாளர், வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் நான் கீபாஸ்எக்ஸ்சியையே சொல்வேன். மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அறுபதைத் தாண்டிய பெற்றோர் கைபேசியில் மட்டுமே எல்லாம் செய்கிறார்கள் என்றால், கைபேசியின் கூகுள் அல்லது ஆப்பிள் பெட்டகமும், பீரோவில் ஒரு நோட்டும் போதும். திரைப்பூட்டின் எண்ணை ஆறு இலக்கமாக்கி, பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாத எண்ணாக மாற்றிக் கொடுங்கள். கணினி, கைபேசி இரண்டிலும் புழங்கும் மற்ற எல்லோருக்கும் என் வாக்கு பிட்வார்டனுக்கு, மேலே சொன்ன மூன்று வரித் தாளோடு சேர்த்து.

உலாவியிலிருந்து மாறும்போது எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து பிட்வார்டனில் இறக்கலாம், பத்து நிமிட வேலை. அந்தக் கோப்பில் உங்கள் கடவுச்சொற்கள் அத்தனையும் எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்கும். வேலை முடிந்ததும் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அந்தக் கோப்புறை இணையச் சேமிப்பகத்தோடு ஒத்திசைவில் இருந்தால் அங்கேயும் போய் அழியுங்கள். பிறகு உலாவியில் மிச்சமிருக்கும் பழைய பட்டியலை நீக்கிவிட்டு, ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா’ என்று அது கேட்பதையும் நிறுத்தி வையுங்கள்.