‘1938 ஒரிஜினல்’ என்று விற்கப்படும் ஹார்ன்பி டப்ளோ எஞ்சின்: டர்பனில் தேடுபவர்கள் கவனிக்கவும்

பழைய பொம்மை ரயில் தேடி வாங்கும் நம்மவர்கள் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுக்க ரெஸ்டோர் செய்தது, 1938 ஒரிஜினல் என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு ஹார்ன்பி டப்ளோ எஞ்சினை 6,500 ரேண்டுக்கு விற்றார். அது 1938 எஞ்சினும் இல்லை, ரெஸ்டோர் செய்ததும் இல்லை. கூடவே வந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆளையே கொன்றிருக்கும். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது, அதனால் ஆள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் என்ன செய்து ஏமாற்றினார் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு எஞ்சின்களை அவர் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் தேக்கு நிறத்தில் ஒரு ஜோடி ரயில் பெட்டி இருக்கிறது. தாத்தா டர்பனின் பெரியா பகுதியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பையன் வளர்ந்ததும், இனி இது வேண்டாம் என்று செட்டோடு தாத்தாவிடம் கொடுத்துவிட்டார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி எங்கள் குடும்பத்தைக் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குக் கிளப்பியபோது, அந்த அலங்கோலத்தில் எஞ்சின் தொலைந்துபோனது. பெட்டிகளை மட்டும் அப்பா வேட்டித் துணியில் சுற்றிக் கடைசிவரை வைத்திருந்தார். இரண்டும் நடுவில் ஒரே சக்கரச் சட்டத்தின் மேல் உட்காரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்த டப்ளோ செட்டின் அடையாளமே அதுதான். அந்தப் பெட்டிகளை இழுக்க அதே காலத்து எஞ்சின் ஒன்று வேண்டும் என்பதுதான் என் ஆசை.

லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி டப்ளோவை 1938-ல் கொண்டுவந்தது. 16.5 மில்லிமீட்டர் பாதை, 12 வோல்ட் டிசி, நடுவில் மூன்றாவது தண்டவாளம். முதலில் வந்த எஞ்சின்களில் ஒன்று நீல நிற ‘சர் நைஜல் கிரெஸ்லி’. அதன் எண் 4498. இங்கிலாந்தில் ஓடிய அசல் எஞ்சினுக்கு 1946-ல் வந்த புதிய எண் முறைப்படி எண் மாறி 7 ஆனது. அதனால் போருக்குப் பிறகு மெக்கானோ விற்ற பொம்மையிலும் 7 என்றுதான் இருக்கும். போருக்கு முந்தைய 4498 கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஏமாற்று வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பார்சல் வந்தது. பெயிண்ட் பளபளவென்று இருந்தது, 4498 என்ற எண் கச்சிதமாக ஒட்டியிருந்தது. எங்கள் பெட்டியை எடுத்து டெண்டருக்கு, அதாவது எஞ்சினோடு சேர்ந்து வரும் நிலக்கரி வண்டிக்கு, பின்னால் மாட்டப் போனேன். மாட்டவே இல்லை. போருக்கு முந்தைய டப்ளோவில் இணைப்பு தட்டையான ஸ்பிரிங் தகடாக இருக்கும். இதில் இருந்ததோ போருக்குப் பிறகு வந்த பெக்கோ வகைக் கொக்கி. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேராது. உடனே விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். டிரைவர் அறையின் பக்கச் சுவரில், 4498-க்கு அடியில், புதுப் பெயிண்டுக்குக் கீழே ஒற்றை 7 மெல்லிய மேடாகத் தெரிந்தது. போருக்குப் பிந்தைய எஞ்சினின் மேலேயே நீலம் அடித்து எண்ணை மாற்றி ஒட்டியிருக்கிறார். பழைய பெயிண்டைச் சரியாக எடுக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

அப்புறம் திருகைக் கழற்றி உடலைத் தூக்கினேன். எஞ்சினின் நிலைமை ஓரளவு பரவாயில்லை. டெண்டர்தான் வயிற்றைக் கலக்கியது. வெளியே வழவழவென்று இருக்கிற அடிச்சட்ட வார்ப்பு உள்ளே முழுக்க விரிசல். நகம் பட்ட இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்து மேசையில் விழுந்தது, கூடவே சாம்பல் நிறத் தூளும் கொட்டியது. வெளிப்பக்க விரிசல்களில் கார் பட்டறையில் பூசுகிற புட்டியை அடைத்துத் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார். இதை அறியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. விரிசலைக் கண்ணால் பார்த்தவன்தான் அதைப் புட்டியால் அடைப்பான்.

இந்த நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டப்ளோ எஞ்சினின் உடலும் டெண்டரின் அடிச்சட்டமும் மசாக் என்கிற துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வார்க்கும்போது கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடித்து, கடைசியில் உதிர்ந்துவிடும். சூடும் ஈரப்பதமும் இதை வேகப்படுத்தும். டர்பனில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இதற்கு வைத்தியம் கிடையாது. புட்டி, பெயிண்ட், பசை எதைப் போட்டாலும் உள்ளே அரிப்பு நிற்காது. அந்தப் பாகத்தையே மாற்றுவதுதான் ஒரே வழி. அதையும் மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும்.

மோட்டார் கதை தனி. விளம்பர வீடியோவில் எஞ்சின் பறந்தது. நன்றாகப் பாருங்கள், பின்னால் ஒரு பெட்டிகூட மாட்டியிருக்காது. காந்தம் சக்தி இழந்த மோட்டார் இப்படித்தான், வெறுமனே வேகமாகச் சுற்றும். பாரம் ஏற்றினால் திணறிச் சூடாகும். என் 12 வோல்ட் கன்ட்ரோலரில் வைத்து அளந்தபோது ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்தது. இந்த மோட்டார்களைப் பிரிக்கும்போது காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் காந்தம் பலவீனமாகிவிடும். பழைய ரயிலைத் தொடுகிறவனுக்கு இது அரிச்சுவடி. இவர் அதைக்கூடச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு மன்னிக்கவே முடியாதது அந்த டிரான்ஸ்ஃபார்மர். இரும்பு உறை போட்ட பழையது. வயரின் ரப்பர் உறை காய்ந்து, வளைத்த இடமெல்லாம் உதிர்ந்து செம்பு தெரிந்தது. அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி, நம்மூர் மூன்று உருண்டைக் கால் பிளக்கைப் புத்தம்புதிதாக மாட்டியிருந்தார். எர்த் காலில் எதுவும் இணைக்கவில்லை. என் மச்சான் எலக்ட்ரீஷியன். பார்த்ததுமே, “அத்தான், இதைத் தயவுசெய்து சொருகிடாதீங்க, வீட்ல புள்ள இருக்கு” என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தபோது உறைக்கும் உள்ளே உள்ள கம்பிக்கும் நடுவில் கசிவு காட்டியது. 230 வோல்ட்டில் சொருகி என் பையன் அந்த உறையில் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டோடு வந்தால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். ஓட்டுவதற்குப் புதிய 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்குப் போன் போட்டேன். பழைய பொருள்தானே, ரசீதிலேயே ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதியிருக்கிறேனே என்றார். உள்ளது உள்ளபடி வாங்கியாயிற்று, இனி கேட்கக் கூடாது என்கிற அந்த வாசகத்தைப் பார்த்து நம்மவர்கள் நிறையப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பேசாமல் இருக்காதீர்கள். குறை இருப்பது தெரிந்தே வேண்டுமென்று மறைத்து விற்றவருக்கு ஃபுட்ஸ்டூட்ஸ் பாதுகாப்புத் தராது. விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் என்றால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வரும். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வீட்டில் கிடந்த ஒன்றை ஒரு தடவை விற்கிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் இவரும் தனி ஆள் என்கிறார். ஆனால் அவருடைய பழைய விளம்பரங்களையெல்லாம் நான் தேதியோடு படமெடுத்து வைத்திருக்கிறேன். 20,000 ரேண்ட் வரை, சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். வக்கீல் தேவையில்லை, அங்கே வக்கீலை அனுமதிப்பதும் இல்லை. முதலில் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் உடலைக் கழற்றி உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். புதுப் பெயிண்டைக் கண்டால் மயங்க வேண்டாம், பெயிண்ட் கீறிப்போய் மங்கலாக இருக்கும் எஞ்சின்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. டப்ளோவின் நீலப் பெட்டியைப் போலவே புதிதாக அச்சிட்ட அட்டைப் பெட்டிகளும் விற்பனைக்கு இருக்கின்றன. அட்டைப் பெட்டியை வைத்து வருஷத்தை முடிவு செய்யாதீர்கள். வீடியோ கேட்டால் ரயில் பெட்டிகளை மாட்டி மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்கிற வேலையைக் குழந்தைகள் இருக்கிற அறையில் செய்யவே கூடாது, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும்.

நல்ல ரெஸ்டோர் எப்படி இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. வெருலத்தில் ஒரு பெரியவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மோட்டாரில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கரி படிந்திருக்கும். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி, லைட்டர் பெட்ரோல் தொட்ட துணியால் துடைப்பார். பிறகு அச்சுக்கு ஊசி நுனியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். பெயிண்டைத் தொடவே மாட்டார். என்னுடைய மோட்டாரையும் அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன், காந்தத்தை மறுபடி ஏற்ற முடியும் என்கிறார். டெண்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சாட்சிக்காக அப்படியே கட்டி வைத்துவிட்டேன்.

நோட்டீஸின் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. பணம் வராவிட்டால் கோர்ட் கிளார்க்கிடம் போய் சம்மன் எடுக்கப் போகிறேன். நீல நிற 4498-ஐ இந்தப் பக்கம் யாரிடமாவது வாங்கியிருந்தால், டெண்டருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பையும் டெண்டரின் உள்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.