கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு எந்த வழி? ஓர் ஒப்பீடு

2001 முதல் 2004 வரை குஜராத்தின் வடோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் இரண்டு வைத்தியங்கள் சோதிக்கப்பட்டன. இரண்டையும் நடத்தியது பிரதம் என்ற தொண்டு நிறுவனம். முதலாவதன் பெயர் பால்சகி. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியாக அழைத்துப்போய், தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைக் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பார். இரண்டாவது கணினி. மாநில அரசு பள்ளிக்கு நான்கு கணினிகள் கொடுத்திருந்தது. அவை பெரும்பாலும் பயன்படாமல் கிடந்தன. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கணினிக்கு இருவராக உட்காரவைத்து, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளை விளையாட விட்டார்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் கணினிக்குத்தான் வெற்றி, சராசரியைப் பார்த்தால். கணக்கு மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் கூடியது. பால்சகி மும்பையிலும் நடந்தது. இரண்டு நகரங்களிலும் எல்லாப் பாடங்களும் சேர்ந்து கிடைத்த உயர்வு 0.28. திட்டவிலக்கம் என்றதும் மிரள வேண்டாம். நூறு பிள்ளைகளைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளை, 0.28 உயர்ந்தால் சுமார் 61-ஆவது இடத்துக்கு நகர்கிறது, 0.47 என்றால் 68-ஆவது இடத்துக்கு.

ஆனால் யார் நகர்ந்தார்கள் என்று கேட்டால் தீர்ப்பு மாறிவிடுகிறது. கணினி, நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் ஏறக்குறைய ஒரே அளவு தூக்கியது. வரிசை முழுவதும் முன்னே வந்தது. வரிசைக்குள் இருந்த தூரம் அப்படியே இருந்தது. பால்சகியின் பலன் கடைசியில் நின்றவர்களிடம் குவிந்திருந்தது. செலவும் பல மடங்கு குறைவு. இன்னொரு செய்தியும் அந்தச் சோதனையில் கிடைத்தது. பின்தங்கியவர்கள் தனியே போனதால் வகுப்பில் கூட்டம் குறைந்ததல்லவா? அதனால் அங்கேயே இருந்த பிள்ளைகளுக்கு எந்த முன்னேற்றமும் இல்லை. வகுப்புக்குப் பிள்ளைகளைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சராசரியை உயர்த்துவதும் இடைவெளியைக் குறைப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். எந்த வேலைக்குப் பணம் செலவழிக்கிறோம் என்று முடிவுசெய்யாமல் எந்தத் திட்டம் சிறந்தது என்று வாதாடுவதில் பயனில்லை. என் கேள்வி இரண்டாவது வேலையைப் பற்றியது.

கணக்கில் இந்தக் கேள்வி ஏன் கூர்மையாகிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டார்கள். கடன் வாங்கிக் கழிப்பதை ஆசிரியர் பத்து முறை கரும்பலகையில் போட்டிருப்பார். இடமதிப்பு பிடிபடாத பிள்ளைக்குப் பத்தைக் கடன் வாங்குவது மந்திரம்போலத்தான் இருக்கும். கழித்தல் இல்லாமல் வகுத்தல் வராது. வகுத்தல் இல்லாமல் பின்னம் வராது. பாடப்புத்தகமோ ஒவ்வொரு ஜூனிலும் ஒரு படி மேலே போய்விடுகிறது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் அசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் போடத் தெரிந்தவர்கள் 33.7 விழுக்காடு, ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 விழுக்காடு. டில்லியில் நடந்த ஓர் ஆய்வு இதைவிடக் கலங்கவைக்கிறது. அங்கே ஆய்வுக்கு உட்பட்ட ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள்; ஒன்பதாம் வகுப்பில் அந்தத் தூரம் நாலரை வகுப்பு.

எனவே நான் ஒப்பிடும் எல்லா வழிகளிடமும் இரண்டே கேள்விகள். பிள்ளை இருக்கும் படியிலிருந்து தொடங்குகிறதா? மிகவும் தேவைப்படும் பிள்ளை அங்கே வந்து சேர்கிறதா?

பள்ளி நேரத்திலேயே நிலை பிரித்துக் கற்பித்தல்

தமிழ்நாட்டுக்கு இது பழகிய வழி. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியும் அட்டைகளும் இதே எண்ணத்தில் பிறந்தவைதான்: ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறட்டும். நல்ல எண்ணம். அதில் ஒரு பள்ளம் இருந்தது என்பது என் கருத்து. தன் வேகத்தில் ஏறும் பிள்ளை கீழ்ப்படியிலேயே ஆண்டு முழுவதும் நின்றால் யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும்.

நிலை பிரிப்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, ஆனால் நிபந்தனையோடு. பீகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறை முகாமில் நிலைவாரியாகக் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே பயிற்சியையும் பாடப்பொருளையும் கொடுத்துப் பள்ளி நாட்களில் செய்யச் சொன்னபோது பலனே இல்லை. ஆசிரியர்களின் திறமை ஜூனில் ஆவியாகிவிடவில்லை. பள்ளி தொடங்கியதும் புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஹரியானாவில் இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். தினமும் ஒரு மணி நேரம் நிலைவாரிக் குழுக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வகுப்பு எல்லைகள் கிடையாது. வட்டார அளவிலான அலுவலர்கள் முதலில் தாங்களே வகுப்பெடுத்துப் பழகி, பிறகுதான் பள்ளிகளை மேற்பார்வையிட்டார்கள். அங்கே ஹிந்தியில் 0.15 திட்டவிலக்கம் உயர்வு கிடைத்தது. உத்தரப்பிரதேசத்தில் 2013-14-இல் பள்ளி வளாகத்திலேயே பத்து நாள், இருபது நாள் முகாம்களாக நடத்தியபோது உயர்வு 0.6-க்கும் மேல். இந்த வகை ஆய்வுகளில் இவ்வளவு பெரிய எண் அரிது.

இந்த வழிக்கு எதிரான வலுவான வாதம் ஆதாரக் குறைவைப் பற்றியதல்ல, மானத்தைப் பற்றியது. எந்த ஊரிலும் கடைசிக் குழுவில் உட்காரும் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்காமல் நிலை பிரிக்க முடியாது. படிப்பில் முதல் தலைமுறை, காலனிப் பிள்ளைகள், செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பங்கள்: இவர்களே அரும்பிலும், மற்றவர்கள் மலரிலும் ஆண்டு முழுவதும் இருந்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது பந்தி பிரிப்புதான். இதைத் தடுக்க நல்லெண்ணம் போதாது, ஏற்பாடு வேண்டும். கணக்குக்குத் தனிக் குழு, தமிழுக்குத் தனிக் குழு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட வாய்மொழிச் சோதனை, உடனே இடமாற்றம். பள்ளியின் மிகத் திறமையான ஆசிரியருக்குக் கடைசிக் குழு. ஜூனில் கடைசிக் குழுவில் இருந்த பெயர்களும் டிசம்பரில் இருக்கும் பெயர்களும் ஒன்றாக இருந்தால், அந்தப் பள்ளியில் திட்டம் நடக்கவில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழு தயங்காமல் சொல்லலாம்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் மூன்று நிலைகளையும் இருவர் சமாளிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. உண்மையில் அங்கேதான் இது எளிது. பலவகுப்புக் கற்பித்தல் அங்கே ஏற்கெனவே நடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து வகுப்பு என்ற பாவனையைக் கைவிட்டால், சமாளிக்க வேண்டிய குழுக்கள் மூன்றாகக் குறைகின்றன. எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் தகவல் பதிவேற்றும் வேலை அந்த நேரத்தைத் தின்னாமல் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

மாலையில் தன்னார்வலர்

தன்னார்வலர்கள் குடியிருப்புக்குள்ளேயே மாலையில் பாடம் சொல்லித்தரும் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடியிருந்த பின்னணி நினைவிருக்கும். அந்த டிசம்பரில் தமிழகக் கிராமப்புறப் பிள்ளைகள் கணக்கில் 2019-ஆம் ஆண்டின் அதே வயதுப் பிள்ளைகளைவிட 0.7 திட்டவிலக்கம் பின்னால் இருந்தார்கள், மொழியில் 0.34. இழப்பு கணக்கில் ஏன் இரு மடங்கு என்று யோசித்தால் வியப்பில்லை. வீட்டில் பேச்சு இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. நெடுவகுத்தல் பள்ளியைத் தவிர வேறெங்கும் இல்லை. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு மாலை வகுப்புகளின் பங்கு என்று அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு கணித்தது.

தன்னார்வலருக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய். சுமார் இருபது பிள்ளைகள் என்று வைத்தால் பிள்ளைக்கு 50 ரூபாய். மிகவும் மலிவான வழி. அதைவிட முக்கியம், ஏழைப் பிள்ளைகளே அதிகமாக வந்தார்கள். இழப்பு வசதியற்றவர்களைக் கூடுதலாகத் தாக்கியது; மீட்சியும் அவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது. கட்டணமில்லாத எல்லாத் திட்டங்களுக்கும் இது அமைவதில்லை. தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதே குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள். இருட்டும் நேரத்தில் மகளை நான்கு வீடு தள்ளி அனுப்பத் தாய்க்குத் தயக்கமில்லை.

குறையும் அங்கேதான் இருக்கிறது. 1,000 ரூபாயைச் சம்பளம் என்று சொல்ல முடியாது, தொண்டு என்றும் சொல்ல முடியாது. நல்ல வேலை கிடைத்ததும் அவர் போய்விடுவார், போகவும் வேண்டும். மேலும், பகலில் பள்ளி செய்யத் தவறுவதை மாலையில் யாரோ ஒட்டுப்போடுவார்கள் என்ற சொகுசு பள்ளிக்கு வந்துவிடக் கூடாது. அப்படியானால் தன்னார்வலரைப் பகலில் பள்ளிக்குள் அழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உத்தராகண்டில் அதைச் செய்தார்கள். பள்ளிகள் அவர்களை ஆள் பற்றாக்குறைக்கான மாற்று ஆசிரியர்களாக விழுங்கிவிட்டன. பலன் பூஜ்யம்.

கணினி

வடோதராவின் விளையாட்டுகள் எல்லாருக்கும் ஒன்றே. பிள்ளையின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் மென்பொருள் வேறு ரகம். டில்லியில் 2015-இல், அத்தகைய மென்பொருளான மைண்ட்ஸ்பார்க்கைக் கொண்டு பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த மையங்களுக்குக் குலுக்கல் முறையில் இடம் பெற்ற 6 முதல் 9 வகுப்பு மாணவர்கள், நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 உயர்ந்தார்கள். ஒரு நாள் வகுப்பு ஒன்றரை மணி நேரம். பாதி கணினி, பாதி சிறு குழுவாக உதவி ஆசிரியரோடு. கணினி மட்டுமே சாதித்தது என்று விற்பனையாளர் சொன்னால் அந்தப் பாதியை நினைவூட்டுங்கள். கடைநிலை மாணவர்கள் வழக்கமான பள்ளியில் அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒன்றுமே முன்னேறாதிருந்ததால், ஒப்பளவில் அவர்களுக்குத்தான் லாபம் அதிகம்.

இதே ஆய்வில் ஒரு முள் இருக்கிறது. பள்ளி நடத்திய தேர்வில் ஹிந்தி மதிப்பெண் உயர்ந்தது. கணக்கு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து ஐந்துக்கு ஏறியிருக்கிறான். அவன் எழுதும் வினாத்தாள் எட்டாம் வகுப்பினுடையது. பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றும். நல்ல திட்டங்கள் நிறுத்தப்படுவது இப்படித்தான்.

தனியார் பள்ளி

நம் ஊர்ப் பெற்றோரின் முதல் விடை இதுதான் என்பதால் சேர்க்கிறேன். ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் உதவித்தொகை தந்து தனியார் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளை நான்கு ஆண்டு கழித்து அளந்தார்கள். ஹிந்தியில் முன்னேற்றம், தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு வேறுபாடில்லை. அந்தத் தனியார் பள்ளிகள் மிகக் குறைந்த செலவில், கணக்குக்குக் குறைந்த நேரம் ஒதுக்கி அந்த அளவை எட்டின என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு இடைவெளியைக் குறைக்க டையும் ஷூவும் வழியல்ல.

என் தேர்வு

1 முதல் 5 வரை, பள்ளி நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் கணக்குக்கு மட்டும் நிலைவாரிக் குழு. பாட அட்டவணையில் அது மதிய உணவுக்கு முன்னால் வர வேண்டும். கடைசிப் பாடவேளையாக வைத்தால் விளையாட்டு விழா ஒத்திகை அதை எடுத்துக்கொள்ளும். கூடவே ஆண்டுக்கு மூன்று பத்து நாள் முகாம்கள். மாலை வகுப்பு அதற்குத் துணை. பணம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் மாலை வகுப்பை விட்டுக்கொடுப்பேன், மனமில்லாமல். தாய் மாலை ஏழு மணிக்குத்தான் வேலையிலிருந்து திரும்பும் ஊர்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

6 முதல் 9 வரை நிலைமை வேறு. நாற்பது பேர் வகுப்பில் மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வரை பரவி நிற்கிறார்கள். ஒரு மனிதரால் அத்தனை படிகளிலும் நிற்க முடியாது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விடைக்கேற்ப மாறும் மென்பொருளும், பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் போதும். ஆனால் முதல் ஆண்டுப் பலனை அந்தந்த வகுப்புத் தேர்வால் அளக்கக் கூடாது. ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளை எந்தப் படியில் இருந்தது, முடிவில் எந்தப் படியில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிய தாள் ஒன்று பெற்றோர் கூட்டத்தில் கைக்கு வர வேண்டும். அதைத் தர மறுக்கும் மென்பொருளை வாங்க வேண்டாம்.