மாதிரி ரயில் என்ஜினின் முகப்பு விளக்கு: பழைய பல்பா, எல்இடியா?

காசிமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும், எச்ஓ (HO) எனப்படும் அளவிலான மாதிரி என்ஜின்கள் மூன்று இருக்கின்றன. மூன்றும் வேறொருவர் ஓட்டிப் பழகிய பின் என்னிடம் வந்தவை. வந்தபோது ஒன்றில்கூட முகப்பு விளக்கு எரியவில்லை. முதல் இரண்டில் அதே வகைப் பல்பை வாங்கிப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு மூன்றையும் எல்இடிக்கு மாற்றினேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எல்இடி, அதில் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இரண்டும் சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அரிசி மணி போலச் சிறியதாக இருக்கும் 12 வோல்ட் ‘அரிசி பல்பை’த்தான் தேடி அலைய வேண்டும். வீட்டில் கிடக்கும் சீரியல் செட்டிலிருந்து ஒரு பல்பைக் கழற்றிப் போடலாம் என்று தோன்றும். ஐம்பது பல்பு உள்ள சரத்தில் ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட்டுக்கும் குறைவாகவே பங்கு வருவதால், 12 வோல்ட்டில் அது நிலைக்காது. நானும் ஒன்றை அப்படி வீணாக்கினேன்.

பல்புக்குரிய பெருமையை மறைப்பது நியாயமாகாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழைய டீசல் என்ஜின்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் நினைவில் இருக்கும். பல்பு அதை எந்த முயற்சியும் இன்றித் தருகிறது. அதன் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுவதால், ஒரே பல்பு முகப்புக் கண்ணாடியையும் எண் பலகையையும் சேர்த்து ஒளிரச் செய்யும். தண்டவாளத்தில் தூசி படிந்து மின்சாரம் நொடிப்பொழுது விட்டு விட்டு வந்தாலும், சூடான இழை உடனே அணைந்துவிடாது என்பதால் அந்தத் தடங்கல் கண்ணில் படாது. எல்இடியோ ஒவ்வொரு தூசியையும் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் எல்இடியைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம், என்ஜினின் மேல்கூட்டை எத்தனை முறை கழற்ற வேண்டியிருக்கிறது என்ற கணக்குதான். பழைய என்ஜின்களில் பல்பு பெரும்பாலும் ஒரு மெல்லிய செப்புக் கலவைத் தகட்டின் அழுத்தத்தில் நிற்கும். கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் உப்புக் காற்று பட்டு அந்தத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. பல்பு நன்றாக இருக்கும்போதே விளக்கு அணைந்துவிட, நாம் பல்பு போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியதை மாட்டுகிறோம். மாட்டும்போது தகடு உரசிச் சுத்தமாவதால் விளக்கு எரிகிறது. சில மாதங்களில் மறுபடி அணைகிறது. மல்டிமீட்டரில் அளந்து பார்த்தபோதுதான், நான் குப்பையில் போட எடுத்து வைத்திருந்த பல்புகளில் இரண்டு உயிரோடு இருப்பது தெரிந்தது. மூன்று ஆண்டுகளில் ஓர் என்ஜினை மட்டும் ஐந்து முறை திறந்தேன். மேல்கூட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் அத்தனை முறை வளைவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு கொக்கி முறிந்தது, பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பி ஒன்று தரையில் விழுந்து காணாமலே போயிற்று. எல்இடியைப் பற்றவைத்து மூடிய பின், அதே என்ஜினை ஒரு முறைதான் திறக்க நேர்ந்தது; அதுவும் நான் ஈயத்தைச் சரியாக உருகவிடாமல் வைத்த இணைப்பினால் வந்த வினை.

வெப்பமும் இதோடு சேர்ந்ததே. 12 வோல்ட்டில் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும் பல்பு முக்கால் வாட்டுக்கு நெருக்கமான சூட்டை அந்தச் சிறு மூக்குப் பகுதிக்குள் கொட்டுகிறது; பல்பைத் தொட்டுக்கொண்டிருந்த பிளாஸ்டிக் ஒரு என்ஜினில் லேசாகக் குழைந்திருந்தது. வெள்ளை எல்இடி தனக்கென ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 9 வோல்ட்டை 1000 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஓடுவது 9 மில்லி ஆம்பியர்தான். கால் வாட் ரெசிஸ்டர் இதற்குத் தாராளமாகப் போதும். தண்டவாளத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் சாதாரண டிசி கன்ட்ரோலரில், என்ஜின் நகரத் தொடங்கும் குறைந்த மின்னழுத்தத்தில் 12 வோல்ட் பல்பு மினுக்கென்றுதான் எரியும். எல்இடி அப்போதே பளிச்சென்று எரிந்துவிடும்.

முன்னும் பின்னும் விளக்கு வேண்டுமானால் இரண்டு எல்இடிகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைக்கலாம். திசையை மாற்றும்போது தண்டவாளத்தின் நேர், எதிர் முனைகள் இடம் மாறுவதால், என்ஜின் போகும் திசையில் உள்ளது மட்டும் எரியும். எரியும் எல்இடி மின்னழுத்தத்தை 3 வோல்ட்டில் பிடித்து வைத்துக்கொள்வதால், அணைந்திருப்பது எதிர் மின்னழுத்தத்தால் கெடாது. சிமிட்டலைக் குறைக்க விரும்பினால் இந்தச் சிக்கனத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கொடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு 4007 டையோடும், அதன் பின் மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைக்கும் 220 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டரும் சேர்க்க வேண்டும். கால் நொடிக்குக் குறைவான தடங்கல்களை அது சமாளித்துவிடும். நிறத்துக்கு வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்குவது அவசியம். நீலம் கலந்த வெள்ளையை மாட்டினால் பழைய டீசல் என்ஜினின் முகத்தில் டியூப் லைட் வைத்ததைப் போலிருக்கும். எல்இடியின் வட்டத் தலையை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினால் ஒளி பரவும். எண் பலகைக்குத் தனியாக ஒன்று வைப்பதே நல்லது.

தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் டிசிசி முறையில் ஒரே ஒரு என்ஜினை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்பதால் அதில் அடித்துப் பேச மாட்டேன். அங்கே என்ஜின் நின்றாலும் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும் என்பதால், பல்பின் சூடு இன்னும் கவலைக்குரியது. என்ஜினுக்குள் அந்தக் கட்டளையை வாங்கிச் செயல்படுத்தும் டிகோடரின் நீல ஒயர் பொது நேர்முனை, வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு. எல்இடியின் நீளக் காலை நீலத்தில் சேர்த்து, ரெசிஸ்டரை மற்ற ஒயரில் வைத்தேன். 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும், ‘N’ எனப்படும் இன்னும் சிறிய அளவு என்ஜின்களை நான் திறந்ததே இல்லை.

பெட்டியோடு வைத்திருக்கும் அரிய பழைய என்ஜினாக இருந்தால் மட்டும் என் யோசனை மாறும். அதைப் பின்னாளில் வாங்குபவர் தொழிற்சாலையில் வைத்த பல்பைத்தான் தேடுவார். அங்கே தகட்டின் களிம்பைத் துடைத்துவிட்டுப் பல்போடு விட்டுவிடலாம். என் மூன்றிலிருந்தும் கழற்றிய பல்புகளையும் தகடுகளையும், எது எந்த என்ஜினுடையது என்று எழுதி ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.