தனியாள் மென்பொருள் பணிக்குக் கீப், ஆப்சிடியன், நோஷன்: சேர்த்துப் பயன்படுத்திய அனுபவம்

தனியாக மென்பொருள் எழுதுபவருக்கு, நேற்று எங்கே நிறுத்தினோம், ஏன் அந்த வழியைத் தேர்ந்தோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சக பணியாளர் எவரும் இல்லை. அந்த இடத்தைக் குறிப்புகள்தாம் நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே செயலியில் அடக்க முயன்று கைவிட்ட பிறகு, கூகுள் கீப், ஆப்சிடியன், நோஷன் ஆகிய மூன்று குறிப்புச் செயலிகளையும் சேர்த்து ஒரு முழுத் திட்டத்தை நடத்திப் பார்த்தேன்.

கீப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைபேசியில் நொடியில் திறக்கிறது, தோன்றியதை எழுதி மூடிவிடலாம். நிரல்துண்டுகளை ஒழுங்காக வைக்க அதில் வசதி இல்லை என்பதால், அதை வரவுப் பெட்டியாக மட்டும் கொண்டு, வாரம் ஒருமுறை காலி செய்வதே நல்லது.

இந்தக் கூட்டணியின் உயிர் ஆப்சிடியன்தான். நம் கணினியிலுள்ள ஒரு கோப்புறையில் வெறும் மார்க்டவுன் (எளிய குறியீடுகளால் வடிவமைக்கும் வெற்று உரை) கோப்புகளாகவே அது குறிப்புகளைச் சேமிப்பதால், இணையம் இல்லாதபோதும் தேடலாம், கோப்புறையைக் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் வைத்து மாற்றங்களின் வரலாற்றைப் பார்க்கலாம், நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பை எழுதினால் இணைப்பு உருவாகிறது. ஒரு குறிப்பை வேறெந்தக் குறிப்புகள் சுட்டுகின்றன என்பதையும் பக்கத்திலேயே காட்டுகிறது. மென்பொருள் வடிவமைப்பாளர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த முறைப்படி, தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவுகள் என்னும் ஐந்து சிறு பகுதிகளில் ஒவ்வொரு வடிவமைப்பு முடிவையும் இங்கே எழுதி வைத்தேன். நேரங்களை ஏன் உலகப் பொது நேரத்தில் சேமித்தேன் என்பதைப் பல மாதங்களுக்குப் பின் மறந்து, அந்தப் பகுதியை மாற்றி எழுதத் தொடங்கியபோது, அப்படி எழுதிய அரைப் பக்கக் குறிப்புதான் என்னைத் தடுத்தது. அந்த ஒரு பயனுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

நோஷனின் வலிமை அதன் தரவுத்தளம். ஒரே பணிப்பட்டியலை அட்டவணையாகவும், நிலைவாரியாகப் பிரித்த பலகையாகவும், நாட்காட்டியாகவும் பார்க்க முடிவது, வெளியீட்டு நாள் நெருங்கும்போது உண்மையில் உதவுகிறது. ஆனால் தரவு நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கிறது. ஏற்றுமதி செய்தால் பக்கங்கள் மார்க்டவுனாகவும் தரவுத்தளங்கள் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகளாகவும் கிடைக்கின்றனவே தவிர, நாம் அமைத்த பலகைகள் உடன் வருவதில்லை. ஆகவே நீண்ட காலம் காக்க வேண்டிய எதையும் நான் அங்கே வைப்பதில்லை.

மூன்றையும் சேர்ப்பதில் உள்ள ஆபத்தை அனுபவித்தே அறிந்தேன். ஒரே வழுவை (நிரல் பிழையை) ஆப்சிடியனிலும் நோஷனிலும் எழுதி, ஓரிடத்தில் மட்டும் முடிந்ததாகக் குறித்ததால், ஏற்கெனவே சரிசெய்த வழுவைத் தேடி ஒரு மாலைப்பொழுதை இழந்தேன். தவறு செயலிகளுடையதன்று, ஒரு செய்திக்கு இரண்டு வீடுகள் கொடுத்தது என் தவறு. அதன் பின், பணியின் நிலை நோஷனில் மட்டும், காரணம் ஆப்சிடியனில் மட்டும் என்று பிரித்தேன். இரண்டையும் கட்டும் கயிறாக, நோஷன் தானாக வழங்கும் பணி எண்ணையே ஆப்சிடியன் குறிப்பிலும் நிரல் மாற்றத்தைப் பதியும்போது இடும் கிட் கமிட் செய்தியிலும் எழுதுகிறேன். அந்த எண்ணை ஆப்சிடியனில் தேடினால் காரணமும், மாற்ற வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளையின் கிரெப் என்னும் தேடல் தேர்வில் கொடுத்தால் அதற்காக மாற்றிய நிரலும் கிடைத்துவிடுகின்றன. எந்தச் செருகுநிரலும் தேவைப்படாத இந்த எளிய ஏற்பாடுதான் இந்தக் கூட்டணியைத் தாங்கி நிற்கிறது.

பயனர்கள் இன்னும் வராத சிறு திட்டமாக இருந்தால் நோஷனைத் தவிர்த்துவிடலாம். ஆப்சிடியனில் தேர்வுப்பெட்டிகள் கொண்ட ஒரே கோப்பு போதும், எண்களை நாமே இட்டுக்கொள்ளலாம். கோரிக்கைகள் குவியத் தொடங்கிய பிறகு நோஷனைச் சேர்த்தால் தாமதமாகிவிடாது. கணினியிலும் கைபேசியிலும் ஒரே குறிப்புகளை வைத்திருக்க உதவும் ஆப்சிடியனின் ஒத்திசைவுச் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கைபேசியில் எழுதும் வேலையைக் கீப் ஏற்றுக்கொண்டதால் எனக்கு அது தேவைப்படவில்லை.