மௌசருக்கு மூன்றாவது குழல்

போன கிழமை ஒஸ்லோவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தான். வேட்டைத் தேர்வில் தேறி, இந்த வருடம்தான் முதல் துவக்கு வாங்கப் போகிறான். "அண்ணை, பழைய மௌசர் ஒண்டு மலிவா வருது. குழல் மட்டும் தேஞ்சு போச்சாம். குழலை மாத்தினா புதுசு மாதிரித்தானே?" என்று கேட்டான். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. பன்னிரண்டு வருடமாக இதே கேள்வியை என் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு நானே கேட்டு வருகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது மௌசர் 98, ஜெர்மன் இராணுவத்தின் பழைய துவக்கு. குழல் பூட்டப்படும் நடு இரும்புக் கூடான ரிசீவரின் மேல் 'பிவைஎஃப் 44' என்று பொறித்திருக்கிறது. ஓபர்ண்டோர்ஃப் மௌசர் தொழிற்சாலையின் போர்க்காலக் குறியீடு அது. 44 என்பது வருடம். 1945 மே மாதம் ஜெர்மன் படை நோர்வேயில் சரணடைந்தபோது இந்த மாதிரித் துவக்குகள் பெருந்தொகையாக இங்கே தங்கிவிட்டன. நோர்வே இராணுவம் அவற்றைத் தூக்கி எறியவில்லை. கையிருப்பில் அமெரிக்க ரவைகள் இருந்ததால், 1950களில் நிறையத் துவக்குகளின் 7.92 மில்லிமீட்டர் குழலைக் கழற்றி, .30-06 ரவைக்கான குழலைப் பூட்டினார்கள். பிறகு ஊர்க்காவல் படையிடம் போய், கடைசியில் வேட்டைக்காரர் கைக்கு வந்தவை பல. என்னுடையதும் அப்படி வந்ததுதான். ஆக, இப்போது இருக்கும் குழலே இரண்டாவது. மாற்றினால் மூன்றாவது.

2013இல் எங்கள் வேட்டைக்குழுவின் மூத்தவர் ஒருவர், முழங்கால் ஒத்துழைக்காமல் வேட்டையை விட்டபோது எனக்குத் தந்தார். துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்க விரும்பாத தலைமுறை எங்களுடையது. அம்மா இருந்தவரை இதை அவர் கண்ணில் காட்டியதில்லை. எல்க் என்ற பெரிய மானின் இறைச்சிக் கறியை மட்டும் விரும்பிச் சாப்பிட்டார்.

முதலில் இதன் நல்லதைச் சொல்கிறேன். ரவையை ஏற்றிப் பூட்டும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளும்போது, மகசினிலிருந்து ஏறும் ரவையின் அடிவிளிம்பை போல்ட்டில் இருக்கும் நீண்ட உகிர் உடனே கவ்விக்கொள்கிறது. ரவை குழலுக்குள் போவதற்கு முன்பே அது பிடிக்குள் வந்துவிடும். துவக்கைச் சரித்துப் பிடித்தாலும், பாதியில் நிறுத்தித் திரும்ப இழுத்தாலும், ரவை கீழே விழாது, சிக்காது. தடித்த கையுறையோடு, விரல் மரத்த குளிரில், பார்க்காமலே இதைச் செய்யலாம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இது என்னைக் கைவிட்டதில்லை. எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கும் பின்லாந்து டிக்காத் துவக்குகளின் போல்ட் கண்ணாடியில் சறுக்குவதுபோல் ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மௌசரின் போல்ட் கைக்குச் சொல்லும் செய்தி வேறு. ரவை ஏறியதா, பூட்டு விழுந்ததா என்பது உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். செம்பு.

குண்டின் மேலுறை செம்பு. குழல் வழவழப்பாக இருந்தால் கொஞ்சம்தான் ஒட்டும். என் குழலுக்குள் நுண்ணிய குழிகள் நிறைய. அந்தக் காலத்து இராணுவ ரவைகளின் அடியில் இருக்கும் தீமூட்டு மருந்து எரிந்தபின் உப்பை விட்டுச்செல்லும். அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். யாரோ ஒரு சிப்பாய், எந்த முகாமிலோ, ஏதோ ஒரு மாலையில் கழுவாமல் படுத்துவிட்டான். அதற்கு நான் இன்றைக்கும் நிலவறையில் குந்தியிருந்து தேய்க்கிறேன்.

ஒவ்வொரு சுடுபயிற்சிக்குப் பிறகும் இதுதான் கதை. அமோனியா கலந்த கரைசலில் நனைத்த துணித்துண்டைக் கம்பியில் கோத்துப் பின்பக்கத்தால் விடுகிறேன். முதல் துண்டு கரியாக வரும். இரண்டாவது சாம்பல். மூன்றாவது துண்டில் நீலம் தொடங்கும். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்த அதே நீலம். பத்து நிமிடம் ஊறவிட்டு அடுத்ததை விட்டால், இன்னும் நீலம். எட்டாவது, ஒன்பதாவது துண்டிலும் ஓரம் நீலம். மணம் படியேறி மேல்மாடிவரை போய், மனைவி சன்னலைத் திறந்துவிட்டுக் கீழே எட்டிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பன்னிரண்டாவது துண்டு வெள்ளையாக வரும்போது இரவு பத்தரை ஆகியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுத் துப்புரவாக்கினால், அடுத்த நாள் முதல் இரண்டு வெடியும் இலக்கைவிட்டு நாலு விரற்கடை விலகிப் போகும்! குழலுக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும். மூன்றாவது வெடியிலிருந்து அடங்கி, 100 மீட்டரில் ஒரு தீப்பெட்டிக்குள் விழும். பன்னிரண்டு, பதின்மூன்று வெடிவரை அப்படியே நிற்கும். பிறகு செம்பு ஏறி மறுபடியும் சிதறத் தொடங்கும். என் துவக்குக்கு நல்ல நேரம் என்பது மூன்றாவது வெடியிலிருந்து பன்னிரண்டாவது வெடிவரைதான். அதைக் கணக்கு வைத்து, வேட்டைக்கு முதல் கிழமை மூன்று வெடி வைத்து, துடைக்காமல் அலுமாரிக்குள் வைக்கிறேன்.

இனி நியாயமாகப் பேசவேண்டும். வேட்டைக்கு எத்தனை வெடி தேவை? எல்க் வேட்டைக்குப் போகிறவர் வருடாவருடம் 30 பயிற்சி வெடி வைத்து, பிறகு 100 மீட்டரில் ஐந்து வெடியும் 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் விழச் சுட்டுக்காட்ட வேண்டும். என் குழல் மிக மோசமாகச் சிதறும் நாளிலும் பத்து சென்ரிமீட்டரைத் தாண்டியதில்லை. ஒரு தடவையும் தோற்றதில்லை. காட்டில் ஒரு பருவத்துக்கு நான் வைக்கும் வெடி இரண்டோ மூன்றோ. அதில் முக்கியமானது முதல் வெடி, குளிர்ந்த குழலிலிருந்து போவது. அந்த வெடியை இந்தத் துவக்கு பன்னிரண்டு வருடமாக ஒரே இடத்தில் வைக்கிறது. நான் சுட்ட எல்க் எதையும் மோப்ப நாய் கொண்டு தேடவேண்டி வந்ததில்லை. .30-06 குழலைச் சீக்கிரம் தேய்க்கிற சூடான ரவையும் இல்லை. சாதாரணமாகவே ஒரு குழல் ஆயிரக்கணக்கான வெடி தாங்கும். வருடத்துக்கு ஐம்பது வெடி வைக்கிற ஆளுக்கு அது ஓர் ஆயுட்காலம்.

2018இல் ஒரு வைத்தியமும் பார்த்தேன். அப்போது சிதறல் இன்னும் மோசம். பட்டறைக்காரர் ஒரு குண்டை எடுத்து, முனையை உள்ளே விட்டு, குழலின் வாயில் நிறுத்திக் காட்டினார். நல்ல குழலில் குண்டின் மூக்கு கொஞ்சம்தான் உள்ளே போகும். என்னுடையதில் கிட்டத்தட்ட முழுவதும் இறங்கி நின்றது. பழைய காலத்தில் வாய்ப்பக்கத்தால் கம்பியும் சங்கிலியும் விட்டுத் துடைத்துத் துடைத்து, வாய் மணிபோல் விரிந்திருந்தது. குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது. அங்கே கோணினால் எல்லாம் கோணும். இரண்டரை சென்ரிமீட்டர் வெட்டி, வாயைப் புதிதாகக் கடைந்து, சைலன்சர் பூட்டப் புரியும் போட்டுத் தந்தார். அந்த ஒரு வேலையில் சிதறல் பாதியானது. குழல் மாற்ற யோசிக்கிற எவரும் முதலில் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். ரிசீவரை மரக்கட்டையோடு பிடிக்கும் திருகாணிகளையும், தொலைநோக்கித் தாங்கியின் திருகாணிகளையும் இறுக்கிப் பார்ப்பதும் அதே வரிசையில் வரும். குழலைக் குற்றம் சொல்கிற பாதிப் பேருக்குத் தளர்ந்த திருகாணிதான் பிரச்சினை.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். போன வருடம் குழுவில் ஒருவர், கைபேசியில் பூட்டும் ஒரு சின்னக் கமரா வாங்கினார். பென்சிலைவிட மெல்லியது, குழலுக்குள் விடலாம். என்னுடையதையும் பார்ப்போம் என்றார். ரவை அமரும் அறை தாண்டி, குண்டைச் சுழலவைக்கும் புரிவரி தொடங்கும் தொண்டைப் பகுதி திரையில் வந்தது. வற்றிய குளத்தின் அடிநிலம்போல் வெடித்துக் கிடந்தது. சின்னச் சின்னச் சதுரமாகப் பிளவுகள், ஒவ்வொரு பிளவின் விளிம்பிலும் செம்பு மினுங்கியது. புரிவரி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கொஞ்சம் முன்னே தள்ள, அந்தக் குழிகள், அம்மைத் தழும்புபோல். பன்னிரண்டு வருடம் கன்னத்தோடு அணைத்த துவக்கின் உள்ளே இதுவா இருந்தது என்று கொஞ்சநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த கிழமையும் சுட்டேன். அதே தீப்பெட்டிக்குள்தான் விழுந்தது. துவக்கு மாறவில்லை.

ஆனால் ஒக்டோபரில், தொண்ணூறு மீட்டர் தூரத்தில், பேர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு ஆண் எல்க் வந்து நின்றது. தோள் முழுவதும் திறந்திருந்தது. முந்தின வருடமென்றால் யோசிக்காமல் விசையை அழுத்தியிருப்பேன். அன்றைக்குத் தொலைநோக்கிக்குள் அந்த வெடித்த குளத்தைத்தான் கண்டேன். மூச்சை இரண்டு தடவை விட்டேன். அது நடந்து போய்விட்டது. அடுத்த காவலிடத்தில் இருந்தவர் சுட்டார், நல்லபடி விழுந்தது. குழு முழுவதும் சந்தோசப்பட்டது. நான் மட்டும் வழியெல்லாம் வாய் திறக்காமல் வந்தேன்.

குழல் மாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும். மௌசர் 98இன் குழல் ரிசீவருக்குள் ஒரு உள்வளையத்தில் முட்டி இறுகும். புரி பழைய ஆங்கில அளவு, அங்குலத்துக்கு 12. புதுக் குழலைப் புரிபோட்டு, அந்த வளையத்தில் சரியாக முட்டவைத்து, ரவை அமரும் அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையவேண்டும். ரவை வடிவில் இரண்டு இரும்பு அளவுக் கட்டைகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் போல்ட் மூடவேண்டும், மற்றதன் மேல் மூடவே கூடாது. இடையில் இருப்பது மயிரிழை. அதற்கு முன், போல்ட்டின் பூட்டுக் காதுகள் ரிசீவருக்குள் பள்ளம் தட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போரின் கடைசிக்கால இரும்பு என்பதால் இதை விடவே கூடாது. என்னுடையது தேறியது.

அதோடு முடியவில்லை. இராணுவக் குழல் படிப்படியாக ஒடுங்கும், மரக்கட்டையின் பள்ளமும் அதே படிகளோடு குடைந்திருக்கும். புதுக் குழல் ஒரே சீராக ஒடுங்குவது. ஆகவே மரத்தையும் திருத்தவேண்டும். குழல், கடைசல் கூலி, மரவேலை, கறுப்பேற்றம் எல்லாம் சேர்த்து எனக்குச் சொன்ன கணக்கு 16,000 குரோனர். கடையில் புது டிக்கா ஒன்று அந்தக் காசுக்குள் வந்துவிடும், பெட்டியைத் திறந்த அன்றே என் மௌசரைவிடச் சின்ன வட்டத்துக்குள் சுடும். பட்டறைக்காரரே சொன்னார்: "காசை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழல் உங்கள் வேட்டைக்காலம் முழுவதும் ஓடும்." அவருக்கு வருமானம் தரும் வேலையை வேண்டாமென்று சொன்ன மனிதரின் பேச்சை நான் நம்புகிறேன்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. தேய்ந்த குழலோடு வரும் மௌசர் மலிவு இல்லை, பாதி விலையை முன்பணமாகக் கட்டுவது போலத்தான். வெட்டி வாய் கடைந்து சரிவந்தால் நல்லது, வராவிட்டால் இரண்டு துவக்கின் காசு போகும். முதல் துவக்கு புதிதாக இருக்கட்டும்.

நான் மாற்றப்போகிறேன். மேலே எழுதியதில் முக்கால்வாசி மாற்றவேண்டாம் என்றுதான் சொல்கிறது, தெரியும். சிதறல் அளவும் சொல்கிறது, பட்டறைக்காரரும் சொல்கிறார். ஆனால் ஒரு உயிரைச் சுடும் நேரத்தில் விரலுக்குள் சந்தேகம் இருக்கக்கூடாது. அந்தப் படத்தை நான் பார்த்துவிட்டேன், இனி மறக்க வராது. இந்த ரிசீவரையும் போல்ட்டையும் விட்டு வேறொன்றைத் தோளில் போடவும் மனமில்லை. .30-06தான், புரிவரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வாயில் சைலன்சர் புரியோடு குழல் சொல்லியாயிற்று.

செப்டம்பர் 25 எல்க் பருவம் தொடங்குகிறது. இந்தப் பருவத்தைப் பழைய குழலோடு, ஐம்பது மீட்டருக்குள் வருவதை மட்டும் சுட்டு முடிப்பேன். ஜனவரியில் பட்டறைக்குப் போகும். இங்கே குழலும் பொலிஸ் அனுமதிக்குள் வரும் பாகம், கழற்றியதை அனுமதியில்லாமல் சும்மா வைத்திருக்க முடியாது, வெட்டி அழிக்கச் சொல்லிவிட்டேன். வெட்டும்போது தொண்டைப் பகுதியை நீளவாக்கில் பிளந்து, ஒரு சாண் துண்டை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். கமரா இல்லாமல், வெளிச்சத்தில் வைத்து, என் கண்ணால் ஒரு தடவை பார்க்கவேண்டும். சரி, எடுத்து வைக்கிறேன் என்றார்.