பழைய கார் வாங்குமுன் சேசிஸ் எண்ணை இணையத்தில் தேடுவது எந்த அளவுக்கு உதவும்?

பழைய காருக்கு விலை பேசுமுன் அதன் சேசிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண்ணை, இணையத்தில் இட்டுப் பார்ப்பதை நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். ஆனால், அங்கே கிடைக்கும் அறிக்கை ஒரு காரை வேண்டாமென்று ஒதுக்க உதவுமே தவிர, நம்பி வாங்கலாம் என்று உறுதி சொல்லாது.

முதலில் இலவசச் சேவைகள். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் எண்ணை இட்டால், அந்நாட்டுச் சந்தைக்கான கார்களின் மாடல், எஞ்சின் வகை, தயாரான ஆலை முதலியவை வந்துவிடுகின்றன. சரிசெய்யப்படாத ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைப்பது) இருந்தால் அதையும் அதே தளத்தில் பார்க்கலாம். அங்கே 1981 முதல் 17 இடங்கள் கொண்டதாக நிலைபெற்ற இந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் வருவதே இல்லை. ஒன்றோடும் சுழியத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கிறது. 2020-க்கு ‘எல்’, 2021-க்கு ‘எம்’. ஒன்பதாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: மற்ற எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் உரிய மதிப்புகளை அவை நிற்கும் இடத்திற்கேற்பப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே நிற்க வேண்டும், மீதி 10 என்றால் ‘எக்ஸ்’. மனம்போன போக்கில் புனைந்த எண் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே அகப்பட்டுவிடும். வட அமெரிக்காவுக்கு வெளியே விற்கப்படும் கார்கள் பலவற்றில் பத்தாவது, ஒன்பதாவது இடங்களுக்கான இவ்விரு விதிகளும் கட்டாயமில்லை என்பதால், கணக்கு ஒத்துவராததை மட்டும் வைத்து விற்பவரைச் சந்தேகிப்பது நியாயமாகாது.

காரின் வரலாற்றைத் தொகுத்துத் தரும் கட்டண அறிக்கைகளின் உண்மையான பலம், விபத்துக் குறிப்புகளைவிட ஓடோமீட்டர் (ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி) பதிவுகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சர்வீஸ், தகுதிச் சோதனை, உரிமையாளர் மாற்றம் என ஒவ்வொரு தருணத்திலும் பதிவான கிலோமீட்டரைத் தேதி வரிசையில் படித்துக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் 92,000 என்றிருந்தது அடுத்த ஆண்டில் 61,000 என்று இறங்கியிருந்தால், பதிவில் தட்டச்சுப் பிழை இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, அந்தக் காரை அத்துடன் விட்டுவிடலாம். எண் இறங்காவிட்டாலும், ஆண்டுதோறும் தவறாமல் சர்வீஸுக்குப் போன கார் திடீரென நெடுங்காலம் எந்தப் பதிவுமின்றி இருந்திருந்தால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று விற்பவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

விபத்து விவரத்தில் இதே நம்பிக்கையை வைக்க முடியாது. காப்பீட்டு நிறுவனமோ, பதிவு அலுவலகமோ, பட்டறையோ தகவல் கொடுத்தால்தான் அறிக்கையில் ஏறும். கைக்காசு கொடுத்துப் பட்டறையில் சத்தமில்லாமல் சரிசெய்த விபத்து எங்கும் பதிவாவதில்லை. ஒரே காருக்கு இரண்டு சேவைகள் இரண்டு விதமாகச் சொல்வதும் இதனால்தான். ஆகவே ‘விபத்து ஏதுமில்லை’ என்ற வரியை, ‘விபத்து ஏதும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை’ என்றே படிக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கும் இதுவே பொருந்தும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பார்ப்பதும், மெக்கானிக்கை அழைத்துச் சென்று காட்டுவதும் எந்த அறிக்கையாலும் ஈடுசெய்ய முடியாதவை.

திருட்டுக் காரில் அதே மாடல் கார் ஒன்றின் எண்ணைப் பொறித்து விற்கும் மோசடியில் அறிக்கை பழுதின்றியே வரும், ஏனெனில் அது வேறொரு காரின் வரலாறு. முன்கண்ணாடி ஓரத்துத் தகட்டிலும், கதவுத் தூணின் ஸ்டிக்கரிலும், பதிவுச் சான்றிதழிலும் உள்ள எண்களை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்ட பிறகே பணம் கட்டி அறிக்கை எடுக்க வேண்டும்.

சேவையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. இலவசம் என்று அழைத்துக் கடைசிப் பக்கத்தில் அட்டை எண் கேட்கும் தளங்களையும், மாதச் சந்தாவில் சேர்த்துவிடும் தளங்களையும் நான் தவிர்க்கிறேன். முன்பின் தெரியாத தளமொன்றிலிருந்துதான் அறிக்கை வேண்டும் என்று எதிர்த்தரப்பு வற்புறுத்தினால் பேச்சை முடித்துக்கொள்வதே நல்லது. காரை விற்பவர்களைக் குறிவைத்து இப்படியொரு மோசடி நடப்பதாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-இல் எச்சரித்திருக்கிறது. விற்பவர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பு பழையதாகவோ திருத்தப்பட்டதாகவோ இருக்கலாம் என்பதால், முன்பணம் கொடுக்கும் நாளில் அறிக்கையை நீங்களே புதிதாக எடுத்துப் பாருங்கள்.