495 பவுண்டுக்கு வாங்கிய முப்பாட்டன்

இங்கிலாந்துச் சர்ச் பதிவேடுகளைப் பார்த்து வம்சாவளி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது விளம்பரம் போட்டால், பணம் அனுப்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் 495 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன். அதற்கு மேல் 60 பவுண்டு கொடுத்து ஒரு குலச்சின்னத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கினேன். அந்த 60 பவுண்டை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

என் கணவர் இங்கிலாந்துக்காரர். போன வருடம் மாமியாருக்கு 80 வயது நிறைந்தது. அவருடைய அப்பா வழிக் குடும்பம் நார்ஃபோக் பக்கம். தாத்தாவுக்கு மேலே யார் என்று ஒன்றும் தெரியாது என்பது அவருக்குப் பெரிய குறை. நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். எங்கள் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்று கேட்டபோது, கோயில் குட்டியார் (சர்ச் பணியாளர்) பத்து நிமிடத்தில் பழைய ரிஜிஸ்டரை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டார். இங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் பழைய ரிஜிஸ்டர், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. "400 ஆண்டு வம்சாவளி, மூன்றே வாரத்தில்." போன் போட்டால் தேன் ஒழுகும் குரல். குடும்பத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். தாத்தா பெயர் என்ன, ஊர் எது, என்ன வேலை, வீட்டில் பழைய பைபிள் உண்டா. அடேயப்பா, எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன். ஊரில் நாடி பார்க்கிறவர் நம் வாயாலேயே அப்பா பெயரைச் சொல்ல வைத்து, அப்புறம் ஓலையில் இருப்பதாக அதையே வாசிப்பாரே, அதுதான் இது என்று அப்போது உறைக்கவில்லை. கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பினால் தள்ளுபடி என்றார். அனுப்பினேன்.

மூன்றே வாரத்தில் புத்தகம் வந்தது. தோல் மாதிரி அட்டை, பொன்னிற எழுத்து. 14 தலைமுறை, ஒன்றுகூட விடுபடாமல். மாமியாரின் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டனார் வில்லியம், அந்த ஊர்ப் பண்ணையார் குடும்பத்துப் பேரனாம். அங்கிருந்து மேலே மேலே போய் 1529இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜான் வரை.

பிறந்தநாள் விருந்தில் எல்லாரும் அதைக் கையில் வாங்கி "ஆகா" என்றார்கள். மாமியாரின் தம்பி மட்டும் கடைசிப் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். பிறகு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதற்கு எவ்வளவு கொடுத்தாய் அம்மா?" என்றார். சொன்னேன். "1529இல் பதிவேடே கிடையாதே" என்றார்.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட உத்தரவுக்குப் பிறகுதான் ஒவ்வொரு பாரிஷிலும் (ஒரு சர்ச்சின் எல்லைக்குள் வரும் பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். அதிலும் ஆரம்ப காலத் தாள்கள் பல ஊர்களில் தங்கவில்லை. 1640களில் உள்நாட்டுப் போர் வந்தபோது பல சர்ச்சுகளில் எழுத ஆளே இல்லாமல் வருடக்கணக்கில் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. 14 தலைமுறை ஓட்டையே இல்லாமல் வந்திருந்தால், அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற இரண்டு தளங்களும் இலவசம் என்று அவர்தான் சொன்னார். உட்கார்ந்து தேடினேன்.

முதலில் அந்த வில்லியம். 1788இல் ஞானஸ்நானம், பண்ணையார் வீட்டுப் பிள்ளை, எல்லாம் சரி. அதே பாரிஷின் அடக்கப் பதிவைப் பார்க்கலாம் என்று தோன்றியது. 1789இல் இருக்கிறது: அதே பெயர், அதே தகப்பன் பெயர், பக்கத்தில் "குழந்தை" என்று ஒரு சொல். ஒரு வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்த பிள்ளை. அதைத்தான் இந்த மனிதர் பிழைக்க வைத்து, வளர்த்து, 1812இல் கல்யாணமும் பண்ணி வைத்து, என் மாமியாருக்குப் பாட்டன் ஆக்கியிருக்கிறார். நியாயமாகத் தேடுகிற எவரும் ஞானஸ்நானத்தைக் கண்டதும் அடுத்து அடக்கப் பதிவைத்தான் பார்ப்பார்களாம். ஏன் அந்தக் குழந்தை என்றால், பண்ணையார் குடும்ப வம்சாவளிகள் பல எப்போதோ அச்சில் வந்துவிட்டன. ஒட்டிக்கொண்டால் போதும், மீதி நகல்தான். கூலிக்காரன் வம்சத்தை யார் அச்சடித்து வைத்தார்கள்?

கல்யாணப் பதிவையே அவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை. 1754 முதல் திருமணப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும். நம் சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்களே, அதையோ அதற்குப் பதிலாக உரிமம் வாங்குவதையோ சட்டமாகவே கட்டாயமாக்கிய சீர்திருத்தம் அது. 1812 பதிவில் வில்லியம் போட்டிருப்பது ஒரு பெருக்கல் குறி. பண்ணையார் பேரனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?

அப்புறம் ஒரு "அசல் ஆவணத்தின் படம்". 1764ஆம் ஆண்டு ஞானஸ்நானம், அழகான அச்சிட்ட படிவம், தகப்பனின் தொழில் என்று தனிக் கட்டம், அதில் "ஜென்டில்மேன்". மாமியாரின் தம்பி அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அச்சிட்ட படிவம் 1813 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் ஞானஸ்நானத்தைப் பாதிரியார் தன் கையால், தன் இஷ்டத்துக்கு, ஒரு வரியோ இரண்டு வரியோ எழுதுவார். யாரோ பிற்காலத்து வெற்றுப் படிவத்தில் இறகுப் பேனா எழுத்துருவை ஏற்றியிருக்கிறார்கள். அதுவரை கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன். இது பொய்.

இதற்கிடையில் நானும் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் ஒரு தம்பதிக்கு 1701 மே மாதம் கல்யாணம். அவர்களுடைய மூத்த பிள்ளைக்கு 1701 பிப்ரவரியில் ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளையா, இதுகூடத் தெரியாமலா தொகுத்தீர்கள் என்று புகார்க் கடிதத்தில் முதல் குற்றமாக இதைத்தான் எழுதி அனுப்பினேன். உடனே பதில்: மன்னிக்கவும், தட்டச்சுப் பிழை, கல்யாணத்தை 1700 என்று திருத்தித் தருகிறோம்.

மாமியாரின் தம்பி பதிலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1752 வரை வருடப் பிறப்பு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. அப்படியென்றால் 1701 பிப்ரவரி, 1701 மே மாதத்துக்குப் பின்னால்தான் வரும். கல்யாணம் ஆகி ஒன்பது மாதம், கணக்கு கச்சிதம். புத்தகத்தில் சரியாக இருந்த ஒன்றைத்தான் நான் குற்றம் சொல்லியிருக்கிறேன். அதையும் மறுக்கத் தெரியாமல் "திருத்தித் தருகிறோம்" என்கிறார் இந்த நிபுணர்! பழைய இங்கிலாந்துப் பதிவேட்டைத் தொட்டவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது. யாரையாவது அமர்த்துவதாக இருந்தால் இந்த ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். திணறினால் போனை வைத்துவிடுங்கள்.

இறந்த குழந்தையைப் பற்றிக் கேட்டதும் அந்த விளம்பரக்காரரின் குரல் மாறிவிட்டது. வம்சாவளி என்பது ஒரு விளக்கம்தான், யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு, 150 பவுண்டு கட்டினால் "சரிபார்ப்புத் திட்டத்தில்" மறுபடி பார்க்கிறோம் என்றார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், பொருளும் கைக்கு வந்திருக்கிறது, தரம் சரியில்லை என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தகராறு என்று முடித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கலாம் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கார்டு வேண்டாம் என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். பணம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

குலச்சின்னம் பற்றி இரண்டே வரி. அது ஒரு குடும்பப் பெயருக்கு உரியது அல்ல. ஒருவருக்கு வழங்கப்பட்டு, அவருடைய வாரிசுகளுக்குப் போவது. இங்கிலாந்தில் அதை வழங்குவது லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். "உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்" என்று விற்பவன் மரச்சட்டத்தையும் கண்ணாடியையும்தான் விற்கிறான்.

சரி, உண்மையான வில்லியம் யார்? 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த பாரிஷையும் எழுதியிருப்பார்கள். நம் ஆள் அதுவரை உயிரோடு இருந்தார். வயது 63, பண்ணைக் கூலி, பிறந்தது ஏழு மைல் தள்ளி இருக்கும் வேறொரு பாரிஷ். நானும் மாமியாரும் நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்துக்கே போனோம். பையை லாக்கரில் வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். அந்த பாரிஷின் 1787 பக்கத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பழுப்பு மசி, சாய்ந்த எழுத்து. வில்லியம், தகப்பன் பெயர், தாய் பெயர், ஓரத்தில் ஒற்றை எழுத்து: 'பி'.

அங்கே இருந்த அம்மாதான் விளக்கினார். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் மூன்று பென்ஸ் வரி. கட்ட வழியில்லாத பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'பாப்பர்' (பரம ஏழை) என்பதன் முதல் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். மாமியார் அந்த எழுத்தின் மேல் விரல் படாமல், காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "மூன்று பென்ஸ்" என்று மட்டும் சொன்னார். வீடு வரும் வரை வேறெதுவும் பேசவில்லை.

அந்த வில்லியமின் தகப்பனோடு எங்கள் தேடல் நிற்கிறது. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை, கல்யாணப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. ஏழைகளை எந்த பாரிஷ் தாங்க வேண்டும் என்று விசாரித்து எழுதிய பழைய காகிதங்கள் சில ஊர்களில் தப்பியிருக்கின்றன. அடுத்து அவற்றைத்தான் பார்க்கப் போகிறோம். ஆள் வைத்துத்தான் தேட வேண்டும் என்றால் ஆக்ரா என்ற ஆராய்ச்சியாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பாருங்கள், மணிக்கணக்குக்குக் கூலி பேசுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் மூலப் பக்கத்தின் படம் வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குலச்சின்னத்தைத் தூக்கி எறியலாம் என்றேன். மாமியார் விடவில்லை. கீழ்த்தளக் கழிப்பறையில், உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிற மாதிரி ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.